சொல்லாமல் கிளம்ப வேண்டிய வீடு

என் மனைவி காரைக்குடியில் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். வெளியூர் வீடுகளிலிருந்தும் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். நான் ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். தேர்தல், திருவிழா, திருட்டு எல்லாம் எழுதினேன். அவள் வேலையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் தலைப்பிள்ளை இறந்தே பிறந்தது. தாய் பிழைத்தாள். என் மனைவி கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டாள். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.

"என்ன நர்சம்மா, திரும்பவும் வரப் போறீகளா? இன்னொண்ணையும் கொண்டுபோகவா?" என்று கத்தினாராம் பெண்ணைப் பெற்ற ஆச்சி.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பழக்கத்துல வாயில வந்திருச்சா?" என்றேன்.

"இல்லைங்க. ரெண்டு மூணு நாள்ல அந்தப் பொண்ணுக்குப் பால் கட்டிக்கிரும். போய்ப் பார்க்கணுமேன்னு நெனச்சுக்கிட்டே கிளம்புனேன், சொல்லிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தா மன்னிச்சிருப்பாக."

"விட்டிருக்கலாமே."

"கண்ணத் தொடச்ச கையோட பிள்ளையத் தொடாதேன்னு வந்த புதுசுலயே பெரிய நர்சம்மா திட்டிட்டாக. இப்ப நானா நெனச்சாலும் வரமாட்டேங்குது."

மறுநாள் ஆஸ்பத்திரி வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வலியில் கத்துகிறவர்களைக் கேலி பேசிச் சிரிக்க வைப்பவள், வாய் திறக்கவில்லை. "ஏன் பேசமாட்டேங்கிறீக? பிள்ளைக்கு ஏதும் ஆயிருச்சா?" என்று ஒருத்தி பயந்து அழுதாளாம்.

"அவளுக்காகச் சிரிச்சேன். வாய் வலிக்குது," என்றாள் என்னிடம்.

மூன்றாம் நாளும் கானாடுகாத்தான் வண்டி வரவில்லை. நாங்களே ஒரு வண்டி பிடித்தோம். பால் வற்றுவதற்கு மார்பில் வைத்துக் கட்ட மல்லிகைப்பூ வேண்டும் என்றாள். வாங்கப் போனேன்.

"இம்புட்டுப் பூவா! ஐயா என்ன தப்புப் பண்ணீக?" என்று சிரித்தாள் பூக்காரி. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வீட்டு முகப்பில் ஆச்சி நின்றிருந்தார். பூப்பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளே பெண் முனகுவது எனக்கே கேட்டது.

"காய்ச்சலா ஆச்சி?" என்றாள் என் மனைவி.

ஆச்சி ஒதுங்கி வழிவிட்டார்.

வெகு நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது ரவிக்கைக் கை முழுதும் பாலால் நனைந்திருந்தது. ஆச்சி தூணைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நாளைக்கும் கட்டணுமா?"

"கட்டணும்."

"வண்டி வரும்."

திரும்பும்போது அவள் வண்டிச் சட்டத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "என்னையப் பார்த்ததும் அந்தப் பொண்ணு கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"டாக்டர்ட்ட சொல்றேன்," என்றேன்.

காலையில் டாக்டரைப் பார்க்க நான் சட்டை மாட்டிக்கொண்டு புறப்படுவதற்குள் கானாடுகாத்தான் வண்டி வந்துவிட்டது. அவள் ஏறிப் போய்விட்டாள்.