அப்பாவுக்கு விளமீன் குழம்பு

தந்தையர் தினத்துக்கு ஓட்டல் வேண்டாம், கேக் வேண்டாம், வீட்டுல சோறும் மீன் குழம்பும் அவியலும் வச்சாப் போதும் என்று அப்பா சொன்னபோது, சொத்தையே துறந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஓட்டலென்றால் பில் வந்ததும் முடிந்துவிடும். வீட்டுச் சோறென்றால் விடியக் காலையில் மீன் வாங்கி, உரசிக் கழுவி, தேங்காய் அரைத்து, கடைசியில் அவர் வாயிலிருந்து ஏச்சும் வாங்க வேண்டும்.

அப்பா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் பண்டாரியாக இருந்தவர். பண்டாரி என்றால் சமையல்காரர். தோணியில் இருந்த அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்ட மனுசன், கரையில் கால் வைத்தபின் ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து குறை மட்டும் சொல்லுவார். புளி தூக்கலா இருக்கு, மல்லி கருகிட்டு, இதெல்லாம் ஒரு குழம்பா. தோணியின் தலைவரான தண்டல் இவரை ஏசினதையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து அம்மாவின் தலையில் இறக்கினார் என்றுதான் நான் நினைக்கிறேன். அம்மா பதில் பேசமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலை 'நல்லாருக்கு' என்று அவர் சொல்லி ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அன்றைக்கு நான் வைக்கிறேன், நீ உட்காரு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஆபீசில் நல்ல பெயர் உண்டு, அடுப்படியில் கிடையாது. விளமீன் குழம்பு கொதிக்கும்போதே படம் எடுத்து, அன்பு அப்பாவுக்கு என்று நாலு இதயத்தோடு ஸ்டேட்டஸ் போட்டேன். பிறகு, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டிய நேரத்தில், கரண்டியை விட்டுக் கிண்டினேன். கடற்கரையில் பிறந்த பொம்பளை செய்கிற வேலையா இது. மீன் சிதைந்து முள்ளும் சதையும் சேறாகிவிட்டது. சட்டி சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

அம்மா எட்டிப் பார்த்தாள். ஏசவில்லை. கழுவி வைத்ததில் மிச்சமிருந்த மீனை எடுத்து வேறு சட்டியில் அவளே புதுசாகக் குழம்பு வைத்தாள். இறக்கும்போது, "ஏளா, இத நீ வச்சன்னே சொல்லு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"நா வச்சதுன்னா வாயில போடுததுக்கு முன்னாலயே குறை சொல்லுவாரு. ஒம்பேரச் சொன்னா என்னதான் சொல்லுதாருன்னு ஒரு நாளைக்காவது கேட்டுக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். நான் குழம்பை ஊற்றி, "நான் வச்சதுப்பா" என்றேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று, ஈரமே இல்லாத கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பிசைந்தார். ஒரு வாய் வைத்தார், இன்னொரு வாய் வைத்தார்.

"நல்லாருக்குளா" என்றார். "ரொம்ப நல்லாருக்கு."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கல்யாண போட்டோவில்கூட அவளுக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனுசன்.

"ஒங்கம்மைக்கு இந்தப் பக்குவம் இத்தன வருசத்துல வரலயே. அதுக்கெல்லாம் கை வேணும்ளா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அம்மா வச்ச குழம்பு" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். கடல் தாண்டிப் போய்வந்த நாக்கல்லவா, சட்டென்று கரை பிடித்துவிட்டது.

"அதான பாத்தேன். உப்பு ஒரு கல்லு கூடத்தான் கெடக்கு."

எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா தட்டெடுப்பாள். அன்றைக்கு ஒரு தட்டை எடுத்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நிதானமாக முள் எடுத்துச் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அப்பா தட்டை நீட்டினார். "இன்னொரு துண்டு போடு."

சட்டியில் ரெண்டு துண்டு கிடந்தது. எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"தீந்துபோச்சு" என்றாள் அம்மா.