பிளானருக்குப் பொருத்திய ஆட்டோ

1. முதல் வகுப்பு

உறுவையாறு என்னும் ஊரில் நெல் மூட்டை அடுக்கிய பழைய கிடங்கு ஒன்றை ஊர்ச் சங்கத்தார் பொது மரப்பட்டறையாக மாற்றினார்கள். கருவிகள், பாதுகாப்பு, உறுப்பினர் பயிற்சி ஆகிய மூன்றுக்கும் பொறுப்பாளராக என்னை அமர்த்தினார்கள். தொழிற்பேட்டையில் ஒரு மரச்சாமான் கம்பெனியில் மெஷின் ஓட்டியே ஓய்வு பெற்றவன் நான். இதுபோன்ற பட்டறைகளை இனி நடத்தப்போகும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊக்கம் தரும் செய்தி எதுவும் இதில் இல்லை என்பதை முன்னரே சொல்லிவிடுவது முறை.

பட்டறையில் ஒரு சர்க்குலர் ரம்பம், பட்டை ரம்பமான ஒரு பேண்ட் சா, ஒரு பிளானர் இருந்தன. பிளானர் என்பது பலகையின் முகத்தைச் சீவிச் சமப்படுத்தும் இயந்திரம். அதன் மேசை நடுவிலுள்ள பிளவில், கத்திகள் பூட்டிய உருளை சுழலும். உறுப்பினர்கள் தத்தம் மரத்தைக் கொண்டுவந்து வேண்டியதைச் செய்துகொள்ளலாம்.

முதல் வகுப்பில் நான் சொன்ன விதி இது: கரண்ட் போனால் உடனே சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். கரண்ட் வந்த பிறகு நான் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்து, "போடலாம்" என்று சொன்னால்தான் பச்சையை அமுக்கலாம். நான் வராத நாளில் மெஷின் ஓடக் கூடாது.

பம்புசெட் மோட்டார்களுக்கு வயரிங் செய்து பிழைக்கும் வேலு சிரித்துவிட்டார்.

"கரண்டே இல்ல, அப்புறம் இன்னாத்த ஆஃப் பண்றது? நின்னுபோன பஸ்ஸுக்கு பிரேக் போடச் சொல்றீங்களே பெரியவரே!"

பின்வரிசையிலிருந்து மேரி என்ற பெண் பதில் கொடுத்தார்.

"போடா டேய். மேட்டுல நின்னுபோன பஸ்ஸா இருந்தா இன்னா பண்ணுவ?"

வகுப்பே சிரித்தது. வேலுவும் சிரித்தார். என் விதியை என்னைவிடத் தெளிவாக மேரி விளக்கிவிட்டார் என்று நான் அன்று மகிழ்ந்தேன்.

2. மாடம் செய்தவர்

மேரி பாகூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வில்லியனூரில் பஸ் மாறி வருவார். தாயும் அவரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். "நாத்து நடுற கை, உளி புடிக்குமா?" என்று சங்கத்திலேயே சிலர் கேட்டதுண்டு. அவர் பூஜை மாடம் செய்யக் கற்றார். கோணம் பிசகாத மாடங்கள். புதுவீடு கட்டியவர்கள் தேடிவந்து சொல்லிவைத்தார்கள்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவ நீ, புள்ளையாருக்கு வூடு கட்டிக் குடுக்குறியே," என்று வேலு சீண்டுவார்.

"வூடு இல்லாதவங்க கஷ்டம் எனக்குத் தெரியும்டா," என்பார் மேரி.

இனி கூலிக்கு வயலில் இறங்குவதில்லை, மரத்திலேயே பிழைப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த முடிவுக்கு அவரிடம் இருந்த ஆதாரம் அவருடைய இரண்டு கைகள் மட்டுமே.

எங்கள் பகுதியில் கரண்ட் அடிக்கடி போகும். ஒவ்வொரு முறையும் நான் சுற்றிவந்து பார்க்கும் வரை அனைவரும் காத்திருக்க வேண்டும்.

"நீங்க 'போடலாம்'னு சொல்றதுக்குள்ள எம் பஸ்ஸு வில்லியனூரத் தாண்டிடும் அய்யா," என்று மேரி முறையிடுவார். முறையிட்டாரேயன்றி ஒரு நாளும் மீறியதில்லை.

3. ஆட்டோ

கழனிக்காரர்களுக்கு ஆட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மும்முனை மின்சாரம் வரும் நேரமெல்லாம் மோட்டாருக்கு அருகில் ஒருவர் காத்துக்கிடக்க முடியாது. ஆகவே பட்டன்கள் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டியோடு ஒரு சிறு கருவியை இணைப்பார்கள். கரண்ட் வந்ததும் அதுவே மோட்டாரை ஓட்டிவிடும். தண்ணீர் தானே பாயும். அதற்குப் பெயர்தான் ஆட்டோ.

பண்டசோழநல்லூரில் ஒரு உறவினர் திருமணத்திற்காக நான் விடுப்புக் கேட்டேன். சங்கத் தலைவர் சபாபதி நெல்லும் கரும்பும் பயிரிடும் பெரிய குடும்பத்தவர். பட்டறைக்கு இடம் பேசி வாங்கியவரும் அவரே.

"நீங்க போய்ட்டு வாங்க அய்யா. ஆனா நீங்க இல்லேன்னா பட்டறையை மூடணும்னா, அது பட்டறையா, உங்க வூட்டுப் பொட்டியா?" என்றார்.

"விதி அப்படி, தலைவரே."

"விதிய நாமதான எழுதனோம்?"

நான் ஊருக்குப் போன பிறகு தலைவர் பட்டறையைத் திறந்துவிட்டார். அவர் ஒப்புதலோடு வேலு மூன்று மெஷின்களின் ஸ்டார்ட்டரிலும் ஆட்டோ பொருத்தினார். தீய எண்ணம் துளியும் இல்லை. மேரிக்குப் பஸ் தவறுகிறதே என்ற இரக்கமும் அதில் சேர்ந்திருந்தது. "அக்கா, இனிமே பெரியவருக்குக் காத்துக்கினு இருக்க வேணாம், தானா ஓடும்," என்று அவரிடம் சொல்லவும் செய்திருக்கிறார்.

வேலு ஆண்டாண்டாகச் செய்துவந்த வேலை அது. ஆனால் பம்புக்குள் யாரும் கை விடுவதில்லை. ஆகவே கரண்ட் இல்லாத நேரத்தில் சிவப்பை அமுக்கினால் ஆட்டோ அதை மதிக்குமா என்ற கேள்வி வயலில் ஒரு நாளும் எழுந்ததில்லை.

மதிக்காது. கரண்ட் வந்ததும் அது மீண்டும் ஓட்டும்.

4. நான் திரும்பிய காலை

மேரி மாடத்துக்குப் பலகை சீவிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது. சிவப்பை அமுக்கினார். உருளை முழுதாக நிற்கும்வரை காத்திருந்தார். அதன் பிறகே பிளவில் அடைத்துக்கொண்டிருந்த சீவலை விரலால் எடுத்தார். அப்போது கரண்ட் வந்தது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது கிடங்கின் வாசலில் கூட்டம் நின்றது. துண்டால் கையைச் சுற்றி, வேலு தம் பைக்கிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். வலக்கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ரம்பம் அறுத்த விரலையாவது தேடி எடுத்து டாக்டரிடம் கொடுக்கலாம். பிளானர் வெட்டினால் அதற்கும் வழியில்லை. விரல் சீவலோடு சீவலாகக் கலந்துவிடும். நான் தேடினேன். தேடிப் பயனில்லை என்று அறிந்தே தேடினேன்.

5. கூட்டம்

அன்று மாலையே சங்கம் கூடியது.

"செவப்ப அமுக்கியிருக்க மாட்டாங்க. அவசரம். பஸ்ஸு புடிக்கணுமே," என்றார் ஒருவர்.

"ட்ரெயினிங் ஒழுங்கா எடுத்திருந்தா இது நடக்குமா?" என்றார் இன்னொருவர்.

ஸ்டார்ட்டரில் புதிதாக ஆட்டோ இருப்பதை அதற்குள் நான் பார்த்திருந்தேன். எழுந்து மெயினை இறக்கினேன். எல்லோரும் பார்க்கப் பிளானரின் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். தலைவரையும் வந்து அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அவரும் அமுக்கினார். பிறகு மெயினை ஏற்றினேன். அடுத்த நொடியே பிளானர் தானாகவே உறுமிக்கொண்டு சுழன்றது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கறை படிந்த சட்டையோடு நின்றிருந்த வேலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உண்மை நிறுவப்பட்டுவிட்டது என்று எண்ணினேன். என் வயதுக்கு அப்படி எண்ணியிருக்கக் கூடாது.

தலைவர் தம் நாற்காலிக்குத் திரும்பினார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. வேலு, அத்தக் கழட்டிடுபா. இனிமே பொம்பளைங்க மெஷின் பக்கம் வர வேணாம். பாலீஷு, பெயிண்டு பண்ணட்டும். நாளைக்கு இன்னொண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"மெஷினில் பிழை, தலைவரே. பெண்ணில் என்ன பிழை?"

"நான் பிழைன்னா சொன்னேன்? அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கைகள் உயர்ந்தன. என் கை மட்டும் உயரவில்லை. மறுவாரத்திலிருந்து மற்றப் பெண் உறுப்பினர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பாலீஷ் போடக் கூட எவரும் வரவில்லை.

6. பாகூர்ப் பயணம்

மேரியைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நா செவப்ப அமுக்கனேன் அய்யா. அங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். மெஷினை ஓட்டியே காட்டினேன் அம்மா."

"அப்போ எம் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சிடுச்சா?"

"தெரிந்துவிட்டது."

"அப்போ நா வரலாமா? எடது கையில கத்துக்கிறேன். நேரம் ஆவும். ஆனா கத்துக்குவேன்."

சங்கத்தின் முடிவை அவரிடம் சொல்ல வேண்டியவனாக நான் இருந்தேன். சொன்னேன்.

"தப்பு பண்ணியிருந்தாலாவது, இனிமே பண்ண மாட்டேன்னு கெஞ்சலாம். இதுக்கு நா இன்னான்னு கெஞ்சறது?" என்றார்.



7. கடைசி வகுப்பு

சங்கத்தார் புது உறுப்பினர்களைச் சேர்த்துப் பயிற்சிக்கு என்னிடம் அனுப்பினார்கள். எல்லோரும் ஆண்கள். விதிகளை வரிசையாகச் சொல்லிவந்தேன். மண்ணாடிப்பட்டிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்: "செவப்ப அமுக்கனா நிச்சயம் நின்னுடும் இல்ல அய்யா?"

இத்தனை ஆண்டுகளில் நூறு பேருக்கு மேல் சொன்ன பதில்தான். அன்று அது வாயிலிருந்து வரவில்லை. பயிற்சி பெறாத ஒருவராக இருந்திருந்தால், அந்தப் பிளவுக்குள் விரலை விடவே பயந்திருப்பார். மேரி பயப்படவில்லை. ஏனெனில் அவர் கற்றிருந்தார்.

அன்று மாலையே பொறுப்பிலிருந்து விலகினேன். பட்டறை இப்போதும் ஓடுகிறது.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. ஒரு பட்டனை நம்பும்படி ஒருவருக்குக் கற்பிக்கும் முன், அதன் பின்னாலுள்ள வயரை உங்களைக் கேட்காமல் யாரும் தொட முடியாது என்ற உறுதியைக் கேட்டுப் பெறுங்கள். அந்த உறுதியைத் தராத இடத்தில் கற்பிக்காதீர்கள். நன்றாகக் கற்றவர்தான் அங்கே முதலில் கையைக் கொடுப்பார்.