இப்தாவின் மகளும் என் மகளும்

பிள்ளைகளே, போன வருடத் தவக்காலத்தில் என் மகள் மரீனா சாப்பிடுவதை நிறுத்தினாள். குருத்து ஞாயிற்றுக்கு முன்பே பேர்ண் நகர ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மூக்கில் குழாய். இருதயம் நின்றுபோகலாம் என்றார் டாக்டர். அவளுக்கு வயது பதினைந்து.

காரணம் நான். அவள் பிறந்தபோது அவளுடைய அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. மனைவியைக் காப்பாற்றினால் பிள்ளையைக் கன்னியாஸ்திரியாகத் தருவதாக ஆண்டவருக்கு நேர்த்தி வைத்தேன். மனைவி பிழைத்தாள். அதை மகளிடம் சொன்ன அன்று அவள் கேட்டாள்:

"என்னைக் கேட்டனீங்களோ அப்பா?"

நேர்த்தியை மீறினால் அம்மா செத்துப்போவா என்று கத்தினேன். அன்றிலிருந்துதான் அவள் சாப்பாட்டைத் தள்ளினாள்.

நான் யூத முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்கிறேன். அங்கே யூதரல்லாத நாங்கள் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. சமையல் அவர்கள் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் ஷிமோன்தான் பற்றவைப்பார். ஒரு காலை என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சேவியர், வெங்காயம் உரிக்க முந்தியே அழுறீர்?"

சொன்னேன். அவர் விவிலியத்தில் வரும் நீதித் தலைவர் இப்தாவைப் பற்றிக் கதைத்தார். போரில் வென்றால் வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்தவர் இப்தா. வந்தது ஒரே மகள். நேர்ந்தபடியே செய்தார். நான் அவரைப் பெரிய விசுவாசி என்றே நினைத்திருந்தேன்.

"எங்கட பழைய வேத ஆசிரியர்கள் அதைப் புகழேல்லை," என்றார் ஷிமோன். "நேர்த்தியை அவிழ்க்கத் தலைமைக் குரு இருந்தார். நான் தலைவன், ஏன் போகவேணும் எண்டார் இப்தா. தேவையெண்டால் அவர் வரட்டும் எண்டார் குரு. ரெண்டு பெரிய மனிசருக்கு நடுவில பெட்டை போயிட்டாள். உமக்குக் குரு இல்லையோ?"

இருந்தார். அந்தோனியார் திருநாளில் சுரூபம் தூக்க என்னைச் சேர்க்கவில்லை என்று எங்கள் பங்குப் பாதருடன் ஒரு வருடமாக நான் கதைப்பதில்லை.

"அவர் பெரிய ஞானி இல்லை," என்றேன்.

"இப்தாவும் பெரிய இறைவாக்கினர் சாமுவேல் இல்லைத்தான். ஆனா அந்தக் காலத்துச் சனத்துக்கு அவர்தான் சாமுவேல். இருக்கிற தலைவரிட்டைத்தான் போகலாம்."

அதுவரை "அவளைச் சாப்பிட வையும்" என்றே செபித்தேன். அன்று மரக்கறி வைக்கும் குளிர் அறைக்குள் முழங்காலில் நின்று, "என் தலைக்கனத்தை எடும்" என்று கேட்டேன். வேலை முடிய ட்ராம் ஏறிப் போனேன்.

பாதர் கதவைத் திறந்தார். நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னொருத்தரின்ர வாழ்க்கையை நேர ஆருக்கும் உரிமை இல்லை அண்ணை. அது அவளைக் கட்டாது," என்றார். பிறகு தலையைக் குனிந்தார். "பிள்ளை ஆஸ்பத்திரியில எண்டு தெரியும். நீங்கள் கூப்பிடட்டும் எண்டு இருந்திட்டன்."

மகளிடம் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள்.

"அப்ப அம்மாவுக்கு ஒண்டும் நடக்காதோ?"

"நடக்காது பிள்ளை."

அந்தப் பயத்தை அவள் தனியாகவே சுமந்திருக்கிறாள். அன்று பின்னேரம் இரண்டு கரண்டி சூப் குடித்தாள். ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார்.

இன்னும் முழுச் சுகம் இல்லை. என்னோடு முன்போல் கதைப்பதும் இல்லை. அவள் சாப்பிடும் ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்கிறேன். இப்போது யாரோடும் கோபம் வைத்துக்கொண்டு படுக்கப் போவதில்லை. பிள்ளைகளே, பெரியவர்கள் உங்கள் பெயரில் ஏதாவது நேர்ந்திருந்தால் பயப்படாமல் கேளுங்கள். ஆண்டவர் உங்களைப் பலியாகக் கேட்பவர் அல்ல. அவரை நம்பி வாய் திறவுங்கள்.