சீனி டப்பாமேல் சாய்த்த போன்

காரைக்காலில் சபுரா பீவிக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் நாள். அன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் குவைத்திலிருந்து கணவன் ஜவஹர் அலி வீடியோவில் வருவான். போனைச் சீனி டப்பாமேல் சாய்த்துவைத்து, ஏழு வயது மகள் நஸ்ஹாவை எதிரே உட்காரவைப்பாள்.

"போன் கோணலா இருக்கு பாரு, நேரா வை" என்பான் அவன்.

ஆறு மாதம் டப்பாவை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் அவனே சலித்துப்போய், மகளுக்கு ஈடாகத் தன் தலையைச் சாய்த்துப் பேசப் பழகிக்கொண்டான்.

போன் நேராகத்தான் இருந்தது. கோணியது பிள்ளையின் கழுத்து.

விடிந்ததும் வாந்தி எடுப்பாள். பத்து மணிக்கெல்லாம் தெளிந்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று சபுரா அதட்டினாள். யோசனை கேட்க வீட்டில் வேறு ஆளில்லை. பிள்ளை சுவரைப் பிடித்து நடந்தபோதுதான் பயம் வந்தது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பின்மூளையில் கட்டி.

"எப்பலேருந்து தலையச் சாய்க்கிறா?" என்று டாக்டர் கேட்டார்.

கணவன் வாராவாரம் ஆசையாக எடுத்தனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். வாரத்துக்கு வாரம் தலை சரிந்துகொண்டே போனது.

கட்டியை எடுத்தாயிற்று, கதிர்வீச்சும் முடிந்தது. திரும்ப வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நடக்க இன்னும் சுவர் வேண்டும். ஆனால் நஸ்ஹா நிமிர்ந்து உட்காருகிறாள்.

வீடு திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை. திரையில் வந்த ஜவஹர் அலி, பழைய பழக்கத்தில் தலையைச் சாய்த்துச் சிரித்தான்.

"தலைய நேரா வைங்க!" என்று அலறினாள் சபுரா.