தாம்பாளத்தோடு கூண்டேறியவள்

நேற்று செங்கல்பட்டில் ரேஷன் கார்டுக்கு ஜெராக்ஸ் எடுக்க நின்றேன். மெஷினிலிருந்து வந்த காகிதத்தின் சூட்டு வாசனையில் கோர்ட்டு ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காமல் கேளுங்கள், நானும் ஒரு காலத்தில் வக்கீல்தான். கட்சிக்காரியும் நானே. ஒரே வழக்கு. அதிலும் தோற்றேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் எங்கள் கழனி. அதற்கு வண்டி போக, பக்கத்துக் கழனிக்கார ஏழுமலையின் நிலத்தில்தான் பாதை. எங்கள் மாடு அவர் வேர்க்கடலையை மேய்ந்த கோபத்தில் வேலி போட்டு அடைத்துவிட்டார். ஏரிக்கரையைச் சுற்றி ஆள் நடக்கலாம், வண்டி போகாது. வண்டி போகாவிட்டால் உழவு ஏது, அறுப்பு ஏது? வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். பாதிக் கதையிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். என் கதையை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். படிப்பு மூன்றாவதுதான், திமிருக்குக் குறைச்சல் இல்லை.

நான் சொல்லச் சொல்ல மரத்தடி டைப்பிஸ்ட் மனு அடித்தார். அடியில் நான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவதற்குள் ஒரு டீயும் குடித்து முடித்தார்.

ஜட்ஜ் அம்மா நல்லவர். இலவசமாகவே வக்கீல் தருவார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். "வேணாம்மா, எனக்கு வாய் கீது" என்றேன்.

கூண்டேறிய அன்று பட்டுப்புடவை. பையில் பித்தளைத் தாம்பாளம். எதிர் வக்கீல் சின்ன வயசு, குரலே உயர்த்தவில்லை. "அவரு நெலத்துல நீங்க பாட்டுக்கு வண்டிய ஓட்டிகினு போவீங்களாம்மா?" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"நாங்க இன்னா மரியாத தெரியாத ஜனமா? வருசா வருசம் இதுல வெத்தல பாக்கு வெச்சி, 'தம்பி, போவட்டுமா'ன்னு கேப்போம். அவரு 'போ யக்கா'ன்னு சொன்னாத்தான் மாட்டயே பூட்டுவோம்."

"வேணாம்னு சொன்னா?"

"எப்படிப் போறது? அவரு நெலமாச்சே."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் அம்மா பேனாவைக் கீழே வைத்து என்னையே பார்த்தார். ஜெயித்தாயிற்று என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

தீர்ப்பன்றுதான் புரிந்தது. கேட்டுப் போனால் அது அவர் தயவாம். கேட்காமலே வருஷக்கணக்காகப் போயிருந்தால்தான் நம் உரிமையாம். எதிராளிக்கு வேண்டிய சாட்சியை நானே பட்டுக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். வராண்டாவில் ஏழுமலை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாய மூடிகினு இருந்திருந்தா பாத உன்னுது யக்கா."

"அதுக்குப் பொய் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன். அதே பஸ்ஸில் அவரும் பின்னால் நின்றுகொண்டு வந்தார்.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு மழை பெய்ததும் பார்த்தேன். வேலியில் வண்டி அகலத்துக்கு ஒரு படல் வைத்து, அதைக் கட்டாமல் சும்மா சாத்தியிருந்தார். தாம்பாளத்தோடு போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. கழனி தரிசாகி, பிறகு கைமாறியது.

இன்று அவர் நிலமும் என் நிலமும் ஒரே காம்பவுண்டுக்குள், வரிசையாக வில்லாக்கள். பாதை இருந்த இடத்தில் கார்கள் போகின்றன, யாரையும் கேட்காமல். ஏழுமலையும் போய்ச் சேர்ந்துவிட்டார். தாம்பாளத்தில் என் மாத்திரை அட்டைகள் இருக்கின்றன.