சவரிமுத்து பொறுக்கிய தண்டவாளத் துண்டு

சவரிமுத்து அவர்கள் காலமான செய்தி போன வியாழக்கிழமை காலை ரயில்வே பணிமனைக்கு வந்தது. டைம் ஆபீஸ் குமாஸ்தா என் மேசை அருகே வந்து, "சார், நம்ம ஃபிட்டர் சவரிமுத்து விடியக்காலம் போயிட்டாருங்க. மாரடைப்பாம்" என்றார். எழுந்து நின்றேன். கண் கலங்கியது உண்மை. ஆனால் அதற்கு முன் ஒரு நொடி என் நெஞ்சில் நிம்மதி வந்து போனதும் உண்மை. இனி அது யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. கூடவே வேலை பார்த்த மனிதரின் சாவில் இப்படியும் தோன்றுமா என்று பயந்தேன்.

நினைவு மலருக்கு நண்பர்கள் கட்டுரை கேட்டார்கள். நான் எழுத வேண்டியது ஒன்றுதான். அதை எழுதுகிறேன்.

சவரிமுத்து பாலக்கரைக்காரர். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். இடி இடித்தால் சிலுவை போட்டுக்கொள்வார். அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துவிடும். நானும் அவருக்குக் குறைந்தவன் இல்லை. "நம்ம ரெண்டு பேருல யாரு பெரிய பயந்தாங்கொள்ளின்னு பந்தயமே கட்டலாம், கோபால். ஆனா ஜெயிக்கவும் பயமா இருக்கே" என்று கிண்டல் செய்வார். இரும்பிடம் மட்டும் அவருக்குப் பயம் கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். என் மனைவி இரண்டாவது குழந்தையை உண்டாகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிவாள்மனை அலகு அடித்து விற்கலாம் என்று கொல்லையில் ஒரு சின்னப் பட்டறை போட நினைத்தேன். உலை செய்துவிட்டேன், சுத்தியல் இருந்தது. காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கப் பட்டறைக்கல் இல்லை. புதுக் கல்லின் விலை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டைக்குக் கீழே கடை கடையாக ஏறி இறங்கினேன்.

ஒரு கடையில் மலிவாக ஒன்று கிடைத்தது. பார்வைக்கு அசல் கல்லேதான். அவர் சட்டைப்பையிலிருந்து பழைய பேரிங் குண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் போட்டார். அது எழும்பவே இல்லை.

"வார்ப்பு இரும்புங்க இது. நாலு அடி வாங்கினா மூக்கு உடைஞ்சு சில்லு கண்ணுக்கு வரும். வேணாம், வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையில், ரயில்வே ஏலத்தில் வந்த தண்டவாளத் துண்டு, ஒன்றரை அடி நீளம், கண்ணில் பட்டது. அதன் மேல் போட்ட குண்டு துள்ளி அவர் கை உயரத்துக்கு வந்தது. துண்டை மண்ணெண்ணெயால் துடைத்து, உலர்த்தி, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவிக் குனிந்து பார்த்தார். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் பொடியில் கோடாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். ஒரு கோடும் வரவில்லை. "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். மேல்முதுகை மட்டும் அரத்தால தேச்சுச் சமமாக்கிக்குங்க" என்றார். துண்டின் பக்கவாட்டில் ரயில்வே எழுத்துகள் புடைத்திருந்தன. அதையும் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, அதத் தொடாதீங்க. அழிச்சாத்தான் திருட்டு மாதிரி தெரியும்."

மூன்று மாதம் நிம்மதியாக அடித்தேன். பிறகு பணிமனையில் சாமான்கள் களவு போவதாகப் பேச்சு எழுந்தது. தொழிலாளிகளின் வீடுகளைச் சோதனை போடுகிறார்கள் என்றார்கள். ரயில்வே முத்திரையோடு ஓர் ஆணி கிடைத்தாலும் வேலை போகும், ஜெயிலும் உண்டு என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துண்டைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டினேன். காவேரிப் பாலத்தில் நின்று ஆற்றில் போட்டுவிடுவதாகத் திட்டம். பாலம் முழுக்க ஜனம். எல்லோரும் என் சாக்கையே பார்ப்பதுபோல் இருந்தது. மிதித்துக்கொண்டு நேரே பாலக்கரைக்குப் போய்விட்டேன்.

சவரிமுத்து கோவிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். சாக்கைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. தெருக்கதவைச் சாத்தினார். பிறகு, "உங்க வீட்டுல புள்ளத்தாச்சி இருக்காங்க. இங்கயே வச்சுட்டுப் போங்க. நான் பொறுக்கின கல்லுதானே" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை விட்டு இருவரும் சேர்ந்துதான் அவர் தெருவுக்குள் நுழைந்தோம். அவர் வீட்டு வாசலில் இரண்டு ரயில்வே காவலர்கள். படியில் தண்டவாளத் துண்டு.

"இது யாருது?"

சவரிமுத்து சட்டைக்கையால் முகத்து வியர்வையைத் துடைத்தார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "என்னுதுதான் சார். கடையில வாங்கினது" என்றார்.

"நீ யாருய்யா?" என்று காவலர் என்னைக் கேட்டார்.

"கூட வேலை பார்க்கிறவன்" என்றேன். சைக்கிளைத் திருப்பினேன்.

கடைக்காரர் பயத்தில், நான் தண்டவாளமே விற்றதில்லை என்று சாதித்துவிட்டார். உண்மை சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். நாளைக்குப் போகலாம், குழந்தை பிறக்கட்டும், புண்ணியாகம் முடியட்டும் என்று நாளைக் கடத்தினேன். ஆறு மாதம் அவர் வேலையில்லாமல் இருந்தார். களவு என்று நிரூபிக்க முடியாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சார்ஜ்மேன் பதவி உயர்வுப் பட்டியலில் முதலில் இருந்த அவர் பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டாவதாக இருந்தது என் பெயர்.

நான் சார்ஜ்மேன் ஆன அன்றிலிருந்து அவர் என்னைப் பிறர் முன்னால் "சார்" என்று கூப்பிட்டார். குத்தலாக அல்ல, முறைப்படி.

ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "எனக்கு நடக்க வேண்டியது நடந்துடுச்சுங்க. இப்ப இடி இடிச்சாக்கூடத் தூங்குறேன். பயம் பூரா உங்ககிட்டதான் இருக்கு. நீங்கதான் பாவம்." எழுந்து வந்துவிட்டேன். அவர் தடுத்தார் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றை இன்று காலை பெரிய அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டேன். படித்திருப்பார். இதன் கடைசி வரிகளை வீட்டில் உட்கார்ந்து எழுதிச் சேர்க்கிறேன். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே வாசலை எட்டிப் பார்க்கிறேன். என் பெண்கள் இரண்டு பேரும் உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

சவரிமுத்து, வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து கடைசி நாள் வரை மாலையில் வாசல் காவலர் உங்களை மட்டும் நிறுத்தி டிபன் கேரியரைத் திறக்கச் சொல்வார். நீங்கள் ஒவ்வொரு தட்டாக எடுத்துக் காட்டுவீர்கள். சார்ஜ்மேன் என்று எனக்கு ஒரு சலாம் கிடைக்கும். தட்டில் நாலு மீன்முள் கிடக்கும். மத்தியானம் அந்த மீனில் பாதியைத் தின்றவன் நான்.

போய் வாருங்கள். அந்தக் கல் என்னுடையது.