உள்பக்கம் பார்க்காமல் வாங்கிய டயர்

மலாக்கா காஜா பேராங்கில் டயர்க் கடை வைத்திருக்கும் அண்ணே, அந்த டயரின் உள்ளே கிழிசல் இருந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் என் கையில் கொடுத்தீர்கள்.

இதை இவ்வளவு நாள் நான் எழுதவில்லை. எனக்கு எழுத்து சரியாக வராது. அதோடு, அப்பா இருந்தவரை அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. போன மாதம் அப்பாவையும் எரித்துவிட்டு வந்தேன். இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வெள்ளைக்காரத் துரைமார் பெட்டியைக் கட்டினார்கள். வாங்கியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பால்மரங்களைப் பிரித்துக்கொண்டு, எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றார்கள். நான் அதற்கு முன்பே டவுனுக்கு வந்துவிட்டேன். சீன முதலாளி, தவுக்கே ஒருவரின் கிடங்கில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும் வேலை. அப்பாவை என்னோடு காஜா பேராங் வீட்டில் வைத்துக்கொண்டேன். அக்கா வீட்டுக்காரர் மட்டும் இங்கே இனிப் பிழைக்க முடியாது என்று சொல்லி, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏற முடிவு செய்தார். அக்கா இந்த மண்ணில் பிறந்தவள். இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

சொல்லிக்கொள்ள வந்தாள், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அப்பா வாசற்படியில் நின்றவர் உள்ளே கூப்பிடவில்லை.

"என்னை இங்க தனியா போட்டுட்டுப் போற. போ. எனக்கு மகளே பொறக்கலன்னு நெனச்சிக்கிறேன். போறவ திரும்பிப் பாக்காம போ."

அக்கா சின்ன வயதிலிருந்தே அப்பா சொல்லைத் தட்டாதவள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். முனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நாலைந்து நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கப்பல் என்னைக்குடா?"

"வர்ற வெள்ளிக்கெழமப்பா. போர்ட் சுவெட்டன்ஹாம்ல."

இன்னொரு வாளி தண்ணீர் இறைத்துக் காலில் ஊற்றிக்கொண்டார். அப்புறம், "உன் காடி அவ்வளவு தூரம் ஓடுமா?" என்றார்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துச் சின்னத் துரை சீமைக்குப் போகும்போது, வேறு யாரும் வாங்காததால் என் தலையில் கட்டிவிட்டுப் போன கறுப்புக் கார். என்ஜின் நல்ல என்ஜின். டயர்தான் கேடு. முன்னால் இரண்டும் பரவாயில்லை. பின்னால் இரண்டும் வரிப்பூ முழுக்கத் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. டிக்கியில் கிடந்த ஸ்பேரும் மொட்டைதான். ஆனாலும் காற்று நின்றது, டவுனுக்குள் ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம்வரை போய்வர அது ஆகாது.

முதலில் பெரிய ரோட்டில் ஒரு சீனப் பட்டறைக்குப் போனேன். இரண்டு புது டயர் விலை கேட்டதும் என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த மெக்கானிக் சிரிக்கவில்லை. அரைகுறை மலாயில் சொன்னான். இரண்டுக்கு வழியில்லை என்றால் ஒன்று புதிதாகப் போடு, கழற்றியதை ஸ்பேரோடு சேர்த்து வைத்துக்கொள், மெதுவாக ஓட்டு, தூரப் பயணத்துக்கு செலுப் மட்டும் போடாதே என்றான். செலுப் என்றால், தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பூசிச் சுட்டெடுத்தது. பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், விலை பாதிக்கும் கீழே. தன் சரக்கை விற்கப் பேசுகிறான் என்று நினைத்தேன். பட்டாளத்து லோரிகளிலிருந்து கழித்துப் போட்டதையும் போய்ப் பார்த்தேன். அளவு சேரவில்லை.

கடைசியில் உங்களிடம் வந்தேன். நம்ம ஆள், நம்ம தெரு என்றுதான் வந்தேன்.

உங்கள் கடை வாசலில் மெர்டேக்காவுக்குக் கட்டிய கொடி அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது, வெயிலில் வெளுத்துப்போய். அதன் கீழே நாலைந்து பேர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாலா தம்பி! தொரை காடிக்கு செருப்பு தேஞ்சிருச்சா?" என்றீர்கள்.

"ஆமாண்ணே. ரெண்டு டயர் வேணும். நல்லதா, வெலை கொறஞ்சதா."

"நல்லதும் வேணும், கொறஞ்சதும் வேணும். பொண்ணு பாக்கப் போற மாதிரியில்ல கேக்குறான் இவன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கே பயணம் என்று கேட்டீர்கள். மறைக்காமல் சொன்னேன். அக்கா கப்பல் ஏறுகிறாள், அப்பா அவளைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார், கோபத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டார் என்று அதையும் சொன்னேன்.

"அடடே, அந்தப் புள்ளையா? எம் மக கல்யாணத்துல பந்தி முடியற வரைக்கும் நின்னு பரிமாறுச்சே!" என்று உச்சுக்கொட்டினீர்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு உள்ளேயிருந்து நாலு செலுப் டயர்களை உருட்டிவந்து போட்டீர்கள். "நீ ஷீட் பாக்குற கைலா. ஒனக்கு நான் ரப்பரைப் பத்திச் சொல்றதா? நீயே பாத்து எடு."

அங்கேதான் நான் விழுந்தேன்.

கிடங்கில் என் கண்ணை ஏமாற்றி ஒரு ஷீட் போனதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இருக்கும் கொப்புளம் தெரியும். முகர்ந்தால் புகை சரியாகப் பிடித்ததா, புளித்ததா என்று தெரியும். நகத்தால் அழுத்திவிட்டால் திரும்பி எழும் வேகத்திலேயே தரம் சொல்லிவிடுவேன். அதையே அன்றைக்கும் செய்தேன். கோப்பி குடித்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது. ஒன்றை முகர்ந்து, "இது சரியா வேகலண்ணே" என்று தள்ளினேன். இன்னொன்றில் நகம் பதித்து, "இதுல கலப்படம்" என்றேன்.

"டேய், டயருக்கு டாக்டர் வந்துட்டாருடா! அப்படியே நாடியும் பாத்துருங்க டாக்டரே!" என்றார் ஒருவர். நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள்.

மீதி இரண்டையும் எடுத்தேன். ரப்பர் உண்மையில் நல்ல ரப்பர். இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஆனால் ஷீட்டுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பக்கமும் முகம்தான். பிறந்ததிலிருந்து ரப்பரைத் தொட்ட இந்தக் கைக்கு, டயரின் உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ரப்பரே தெரியாத ஒருவன் வந்திருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பான்.

"பழசு மூணையும் போட்டுட்டுப் போ, வெலையில தள்ளிக்கிறேன்" என்றீர்கள்.

"ஸ்பேரையுமாண்ணே?"

"புது ரப்பர் போட்ட காடிக்கு மொட்ட ஸ்பேர் எதுக்குலா? ஒரு வெள்ளிக்கெழம போய்ட்டு வரப் போற. என்ன, இமயமலைக்கா போற?"

மெக்கானிக் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் குறையப்போகும் விலைதான் கண்ணுக்குத் தெரிந்தது. கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, மடியில் ஓலையில் சுற்றிய மலாக்காச் சீனி, அந்தத் தென்னை வெல்லக் கட்டிகளை வைத்துக்கொண்டிருந்தார். பேரப் பிள்ளைகள் அதை மிட்டாய் மாதிரி கடிக்கும். செங் தாண்டினோம். அலோர் காஜா வந்ததும் கேட்டார்.

"என்னன்னுடா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்பா. முன்னால போய் நின்னா போதும். அக்கா புரிஞ்சிக்கும்."

"இல்ல. சொன்ன வாய்தான் திருப்பி எடுக்கணும்."

பிறகு உதடு அசைந்துகொண்டே வந்தது. எதையோ சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

லிங்கி ஆறு வருவதற்கு முன்பு பின்பக்க இடது டயர் வெடித்தது. கார் பள்ளத்தைப் பார்த்து இழுத்தது. எப்படியோ நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் அடி இல்லை.

கழற்றிப் பார்த்தேன். மேலே பூசிய புது ரப்பர் அப்படியே இருந்தது. உள்ளே துணி நூல் மக்கிப் பிய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கித்தான் ஒட்டு. ஒரு பக்கம் உரிந்துபோய், மறுபக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மூலைகளை யாரோ கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியிருந்தார்கள். கூராக விட்டால் டியூபைக் குத்தும் என்று தெரிந்த ஒருவர், உட்கார்ந்து, நிதானமாக வெட்டி ஒட்டிய ஒட்டு அது.

"ஸ்பேர மாட்டுடா" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"ஏன் இல்ல?"

"கடையில குடுத்துட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. ஓலைப் பொட்டலத்தில் எறும்பு வந்துவிட்டது. ஒவ்வொரு எறும்பாக எடுத்து, நசுக்காமல், கீழே விட்டுக்கொண்டிருந்தார். போகிற வண்டிகளுக்கெல்லாம் நான் கையைக் காட்டினேன்.

கடைசியில் வாழைத்தார் ஏற்றிப் போன ஒரு மலாய்க்காரர் லோரியை நிறுத்தினார். காரை அங்கேயே விட்டுவிட்டு ஏறினோம். போர்ட் டிக்சனில் இறங்கினோம். அங்கிருந்து பஸ், பிறகு இன்னொரு பஸ். துறைமுகத்துக்குள் ஓடினோம். அப்பாவால் ஓட முடியவில்லை. நான் பாதித் தூரம் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

கப்பல் போயிருக்கவில்லை. அதுதான் கொடுமை. கண்ணுக்கு எதிரே தண்ணீரில் நின்றது. ஆட்களை ஏற்றிப் போன கடைசிப் படகு திரும்பிவிட்டது. இனிப் படகு கிடையாது என்றார் அங்கே இருந்த காவல்காரர். கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் என்ன செய்வார்?

கப்பல் அசைய ஆரம்பித்ததும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். கப்பலில் பலர் கை அசைத்தார்கள். எந்தக் கப்பலிலும்தான் அசைப்பார்கள். துண்டு வீசிய கை ஓய்ந்த பிறகு அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"திரும்பிப் பாத்தாளா?"

"பாத்துச்சுப்பா."

அவ்வளவு தூரத்தில் எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து கடுதாசி வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்தேன். வீடு ஒழுகுகிறது, பிள்ளைகளுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரி: "அப்பா சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் கப்பலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்." அந்த வரியை நான் படிக்கவில்லை. தாண்டிப் போனேன்.

மூன்றாவது வருஷம் அக்கா காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு அப்பா, "அந்தக் கடுதாசிய இன்னொரு தரம் படிடா" என்று அடிக்கடி கேட்பார். அந்த வரி வரும் இடம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தரமும் தாண்டினேன். சாகிற வாரம்கூடக் கேட்டார். அப்போதும் தாண்டினேன். என் காரில் மட்டும் அவர் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

அந்த டயரை உங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேனே, நினைவிருக்கிறதா? உள்ளே இருந்த ஒட்டைக் காட்டினேன். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீதானேலா பாத்து எடுத்த? நான் தலையில கட்டினேனா? இத்தன பேரு சாட்சி இருக்காங்க."

"டாக்டர் பொழைக்காத கேஸ எடுத்துட்டாரு" என்றார் அதே ஆள். நீங்கள் அன்றைக்கும் சிரித்தீர்கள். அதோடு தெருவில் எனக்கு டயர் டாக்டர் என்று பெயர் நின்றுவிட்டது.

நான்தான் பார்த்து எடுத்தேன். உண்மை. என் திமிரும் என் கஞ்சத்தனமும்தான் ஸ்பேரைக் கொடுக்க வைத்தன. அதுவும் உண்மை. அதனால்தான் அன்றைக்கு டயரைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். என் பங்கை நான் இத்தனை வருஷமாகச் சுமந்துவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் ஒரு நாளாவது தொட்டுப் பார்த்தீர்களா?

இப்போது நீங்கள் கோயில் கமிட்டித் தலைவர். திருவிழாக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நம் ஜனம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்க வேண்டும் என்று பேசுகிறீர்கள். வருகிற கூட்டத்துக்கு நானும் வருவேன், அந்தக் கித்தான் ஒட்டை எடுத்துக்கொண்டு. உரித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் காசு எனக்கு வேண்டாம். தனியாக வீட்டுக்குக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்துச் சமாதானம் பேசவும் வேண்டாம்.

அதை வட்டமாக வெட்டிய கை யாருடையது? யாருக்காக, எதற்காகப் போகிறோம் என்று நான் சொல்லி, நீங்கள் உச்சுக்கொட்டிய பிறகும், அந்த டயரை ஏன் உருட்டி வந்து என் முன்னால் போட்டீர்கள்? அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள். எல்லோர் முன்னாலும் அந்த மைக்கில் பதில் சொல்லுங்கள்.